சிறையில் கற்ற சிங்களம்

கொழுந்து நிறுத்த கையோடு, மழையையும் பொருட்படுத்தாமல் இந்தப் பொல்பிட்டியக் கோவிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் இன்று எடுத்துரைக்க விரும்புவது, இந்த மலைநாடு முழுவதும் கண்டி அரசர்களின் ஆளுகையில் இருந்த காலத்திலே, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடுவதற்கு ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு முன்னே, சிறையில் அமர்ந்து சிங்களம் படித்த ஒரு மகானுடைய சரித்திரம்.

புனித யோசவ்வாஸ் அடிகளாரைத்தான் சொல்கிறேன். ஒல்லாந்தர் நம்முடைய வேதத்தைத் தடைசெய்து குருக்களைத் துரத்தியிருந்த இலங்கைக்கு, கோவாவிலிருந்து 1687இல் கூலியாள் வேடம் பூண்டு வந்து, யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் மறைந்தும் வெளிப்பட்டும் ஊழியம் செய்து, 1692இல் அவர் கண்டியை அடைந்தபோது, அவரை எதிர்கொண்டது மேளமா, மாலையா? அவதூறு! போர்த்துக்கீசருடைய ஒற்றன் என்று இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனிடம் கோள் சொல்லப்பட்டது. சொன்னவன் யார்? கிறிஸ்துவின் நாமத்தை உச்சரிக்கும் ஒரு பிரெஞ்சுக்காரன், கல்வினிய மதத்தான். வெளியார் ஏசினால் தாங்கிக்கொள்ளலாம். ஒரே யேசுவைத் தொழுகிறவன் ஏசும்போதல்லவா நெஞ்சு எரிகிறது!

அந்தக் கோளால் அவர் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையில் என்ன செய்தார்? சிங்களம் படித்தார். என்மேல் சுமத்தியது பொய் என்று நாள்தோறும் புலம்பிக்கொண்டிருந்தாரா? சிங்களம் படித்தார். விடுதலையானதும் எந்த மக்களிடம் போகவேண்டுமோ அந்த மக்களுடைய பாஷையை, அவதூறு கொண்டுபோய் அடைத்த அந்த இடத்திலேயே கற்றுக்கொண்டார்.

நாம் என்ன செய்கிறோம்? பாட்டில் சுருதி இறங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னதும், மறு ஞாயிறே பாடற்குழுவை விட்டு நின்றுவிடுகிறோம். பீடத்தில் பூ வாடியிருக்கிறது என்று ஓர் அக்கா சொன்னால், பூக்கூடையையே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். யார் என்று என்னைக் கேட்காதீர்கள். பெயர் சொன்னால் அடுத்த வாரம் பாதி வாங்கு காலியாகிவிடும்!

குறை சொல்வதெல்லாம் அவதூறு என்றும் எண்ணிவிடாதீர்கள். அந்தியோக்கியாவிலே சின்னப்பர் இராயப்பரை முகத்துக்கு முன்பாகவே கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தை வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். திறவுகோல் வாங்கியவராயிற்றே, என்னைக் கேட்க நீ யார் என்று சபையை விட்டா போய்விட்டார் இராயப்பர்? கவ்வாத்து வெட்டிய மலை சில மாதம் மொட்டையாய் நிற்கத்தான் செய்யும். வெட்டினார்களே என்று எந்தத் தேயிலைச் செடியும் வேரைப் பிடுங்கிக்கொண்டு போனதில்லை. உண்மையான குறையானால் திருந்துங்கள். பொய்யானால் வேலையைப் பாருங்கள். இரண்டிலும் வேலை நிற்கக்கூடாது.

எங்கே விட்டேன்? ஆம், சிங்களம் படித்தார். பிறகு 1697இல் கண்டியிலே பெரியம்மை பரவி, சொந்த வீட்டாரே நோயாளிகளைக் காட்டோரம் விட்டுவிட்டு ஓடிய அந்தப் பயங்கர நாட்களில், ஒற்றன் என்று தூற்றப்பட்ட அந்த மனிதர்தாம், சக குருவான கர்வாலோ அடிகளாரோடு சேர்ந்து, கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசை கட்டி, கஞ்சி ஊட்டி, புண்ணைக் கழுவி, இறந்தவர்களை அடக்கமும் செய்தார். கிறிஸ்தவனா, பௌத்தனா என்று அவர் கேட்கவில்லை. அந்த நோயாளிகளிடம் அவர் பேசிய பாஷை எங்கே படித்தது? சொல்லுங்கள், எல்லோரும் சொல்லுங்கள்! சிறையிலே!

இன்னொன்றும் சொல்லவேண்டும். இகழ்ச்சியைத் தாங்குகிற பலர் புகழ்ச்சியில் விழுந்துவிடுகிறார்கள். பின்னாளில் அவரை ஆயராக்க முனைந்தபோது, அதையும் மறுத்துவிட்டு, கோவாவுக்கும் திரும்பாமல், 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே கண்மூடினார். திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தது 2015இல். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. நமக்கோ, ஒரு திருவிழாவில் மைக்கில் பெயரை வாசிக்காவிட்டால் ஒரு வாரம் தூக்கமில்லை!

இப்போது எழுந்து நிற்போம். இந்த வாரம் உங்களைக் குறை சொன்னவருடைய பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்; முதலில் அவருக்காக மன்றாடுவோம்.