உடுப்பின் மேல் போடும் பழி



சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் பூசை முடிந்தபின் என்னைக் காண வந்தார். அவருடைய சம்மதத்தோடு, ஊரும் பேரும் சொல்லாமல் இதை எழுதுகிறேன். அவருடைய மகள் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்குள்ள சூப்பர்வைசர் காரணமின்றி அருகில் வந்து நிற்பதும், இரவில் போனில் பேசச் சொல்வதும், இணங்காவிட்டால் ஷிப்டை மாற்றிவிடுவதாகப் பயமுறுத்துவதுமாக இருந்திருக்கிறான். தகப்பனாரோ, "இனி வேலைக்குப் போக வேண்டாம்" என்று மகளையே வீட்டில் நிறுத்திவிட்டார்.

இதைக் கேட்டவுடன் என் வாயில் வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? "பெண் எப்படி உடுத்திக்கொண்டு போகிறாள்?" என்பதே. அந்தத் தாய் தலை குனிந்தபடி, "கம்பெனி கொடுத்த ஓவர்கோட்டுதான் சாமி, கழுத்துவரை பொத்தான் போட்டது" என்றார். அன்றிரவு ஆத்தும சோதனை செய்யும்போது, அவனுடைய பாவத்துக்கு முன் என் கேள்விதான் நினைவில் வந்து உறுத்திற்று.

அடக்கமாய் உடுத்துவது புண்ணியம், அதில் சந்தேகமில்லை. வேலை செய்யும் இடத்துக்கு உடை ஒழுங்கு இருப்பதும் நியாயமே. 2019-ஆம் வருடம் தமிழ்நாடு அரசு தன் தலைமைச் செயலக ஊழியருக்கு அப்படியொரு உத்தரவு போட்டது. பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவோடு சல்வார், சுடிதார். ஆண்களுக்குச் சட்டையும் பேண்டும், அல்லது வேட்டி. இத்தகைய ஒழுங்கு உடுத்துகிறவருடைய கடமையைச் சொல்லும். பார்க்கிறவனுடைய பாவத்தை எடுத்து மற்றவள் தலையில் வைக்க அதற்கு அதிகாரம் கிடையாது. இச்சையோடு பார்ப்பவனைக் குறித்து நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் பேசியபோது, அவனுடைய சொந்தக் கண்ணைப் பிடுங்கி எறியவே சொன்னார். அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்கவில்லை.

உடுப்பு பொய்ச்சாட்சி சொல்வதும் உண்டு. எஜமானி போத்திபாரின் மனைவி கையில் பிடித்த மேலாடையை விட்டுவிட்டு ஓடிப்போனார் யோசேப்பு. அந்த ஆடையையே அத்தாட்சியாகக் காட்டி அவரைச் சிறையில் தள்ளினார்கள். சூசன்னாளை மிரட்டிய இரண்டு முதியோரும் அந்த வருடத்து நியாயாதிபதிகள். இணங்காவிட்டால் விபசாரக் குற்றம் சாட்டுவோம் என்றார்கள். இளைஞரான தானியேல் எழுந்து அவ்விருவரையும் பிரித்து நிறுத்தி விசாரித்த பிறகே உண்மை வெளிவந்தது. இரண்டு சரித்திரத்திலும் மிரட்டினவர்கள் கையில் அதிகாரம் இருந்ததைக் கவனியுங்கள்.

"ஒரே இடத்தில் வேலை செய்யும் இருவர் ஒருவரையொருவர் விரும்பினால் பாவமா?" என்று நம் வாலிபர் கேட்கக்கூடும். கலியாணமாகாத இருவர், மறைவில்லாமல், பெற்றோருக்குச் சொல்லி, கோவிலில் ஓலை வாசிக்கத்தக்க நேசம் கொண்டால் அது பாவமல்ல. கலியாணமானவர்களோ தங்கள் வாக்குத்தத்தத்தை மில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக முடியாது. ஆனால் ஒருவருடைய சம்பளமும் ஷிப்டும் மற்றவர் கையில் இருக்கும்போது, கீழே இருப்பவள் சொல்லும் "சரி" மனதார வந்ததா, பயத்தால் வந்ததா? பலவந்தத்தாலோ கடும் பயத்தாலோ செய்த கலியாணம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். பீடத்தின் முன் சொன்ன சம்மதமே பயத்தால் செல்லாமல் போகுமென்றால், தொழிற்சாலையில் பயந்து சொன்ன சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

மௌனத்தின் விலை பெரிது. 2021-ஆம் வருடம் ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்துத் தொழிற்சாலையில் ஆயத்த ஆடை தைத்துவந்த இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். கைதானவன் அவளுடைய சூப்பர்வைசர். பல மாதமாக அவளைத் தொந்தரவு செய்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அதன்பின் 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் கம்பெனியும் ஒப்பந்தம் செய்து, பெண்கள் அஞ்சாமல் புகார் சொல்ல வழி வகுத்தன. இந்த ஏற்பாடு அவள் உயிரோடிருந்தபோதே இருந்திருக்கலாகாதா?

நமக்கும் சட்டம் உண்டு. 2013-ஆம் வருடத்துச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண் தலைமையில் விசாரணைக் கமிட்டி இருக்க வேண்டும். புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சிறிய இடமானாலும், முதலாளி மேலேயே புகாரானாலும், அதற்கென்று மாவட்டக் கமிட்டி உண்டு.

ஆகையால் தகப்பன்மாரே, விடிவதற்கு முன் வேன் ஏறும் உங்கள் மகள் வீட்டுக்கு வந்து அழுதால், அவளை வீட்டில் பூட்டாதீர்கள். அவளோடு கூடப் போய்ப் புகார் கொடுங்கள். தாய்மாரே, மகளுக்குச் சொல்லும் புத்தியை மகனுக்கும் சொல்லுங்கள். சூப்பர்வைசராகவும் மேஸ்திரியாகவும் இருக்கும் சகோதரரே, உங்கள் கீழ் வேலை செய்பவள் வேறொருவர் வீட்டு மகள். அவளைக் குறித்து ஆண்டவரிடம் நீங்கள் கணக்குக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாயிடம் மறு ஞாயிறே என் கேள்விக்காக மன்னிப்புக் கேட்டேன். புகார் மனுவை மூவருமாக உட்கார்ந்து எழுதினோம். மகள் கையெழுத்திட்டாள். தகப்பனார் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வில்லியனூர் லூர்து மாதா நம் பிள்ளைகளை வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் காப்பாற்றுவாராக.

சேசுவுக்குள் உங்கள்,
பங்குச் சாமியார்