எக்ஸ்ரேயில் விழாதது

அனுதாபத்துக்கு எத்தனை நாள் கிரெடிட் தெரியுமா உங்களுக்கு? என் அனுபவத்தில் 90 நாள்.

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி சகிதம் சொந்தபந்தமெல்லாம் ஆஜர். 'ஐயோ, ரொம்ப வலிக்குதா?' முதல் மாதம் வாக்கர். எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் கைத்தடி. 'பரவாயில்லையே, நல்லா நடக்கிறீங்களே!' எட்டாம் மாதம் அவர் தொடையைத் தடவிக்கொண்டே, 'ராத்திரியெல்லாம் திகுதிகுன்னு எரியுது' என்கிறார். டி.வி. சத்தம் கொஞ்சம் கூடுகிறது. யாரோ ஒருவர் கேட்டே விடுகிறார்: 'இன்னுமா வலிக்குது?'

அந்த 'இன்னுமா'வைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலியை, பக்கத்தில் இருக்கிற நாம் எதுவரை நம்பக் கடமைப்பட்டிருக்கிறோம்?

முதலில் மருத்துவத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவோம். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962-ல் உலோகத் தண்டும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்து இடுப்பு மூட்டை மாற்றிக் காட்டினார். அதற்கு முன்பு இடுப்பு தேய்ந்துபோன பலருக்குப் படுக்கையும் பெருமூச்சும்தான். 'லான்செட்' பத்திரிகையில் 2007-ல் வந்த ஒரு கட்டுரை இதை 'நூற்றாண்டின் ஆபரேஷன்' என்றே கொண்டாடியது. தப்பில்லை. பெரும்பாலானவர்கள் வலி தீர்ந்து, பேரன் பேத்தியோடு பீச்சில் நடக்கிறார்கள்.

பெரும்பாலானவர்கள். எல்லாரும் அல்ல.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மருத்துவக் கட்டுரை 2012-ல் வந்தது. இடுப்பு மாற்றிய பிறகும் நீண்ட நாள் வலியோடு இருப்பவர்கள், ஆய்வுக்கு ஆய்வு, 7 முதல் 23 சதவீதம் வரை என்றது. இதற்குப் பல காரணங்கள். அதில் ஒன்று நரம்பு.

நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு, சயாட்டிக் நரம்பு. விரல் பருமன் இருக்கும். இடுப்பு மூட்டுக்குப் பின்பக்கமாகவே இறங்குகிறது. ஆபரேஷனில் தசைகளை விலக்கிப் பிடிக்கும்போது அது நசுங்கலாம். குட்டையாகிப்போன காலை நீட்டிச் சரிசெய்யும்போது இழுபடலாம். பக்கத்தில் ரத்தம் கட்டி அழுத்தலாம். முன்பக்கமாகத் திறந்து செய்தால், தொடையின் வெளிப்புறத் தோலுக்கு உணர்ச்சி தருகிற இன்னொரு மெல்லிய நரம்பு அடிபடலாம். கைதேர்ந்த சர்ஜன் கையிலும் இது நடக்கும். விளைவு? எரிச்சல், ஷாக் அடித்த மாதிரி ஒரு சுரீர், பாதி மரத்துப்போன தோல். சிலருக்குப் புடவையோ வேட்டியோ உரசினாலே உயிர் போகும்.

நான் பி.காம். அதனால் ஒரு சின்னக் கணக்கு. அடிபட்ட நரம்பு, வளர்ந்தால், ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும் என்கிறார்கள். இடுப்பிலிருந்து பாதம் 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 900 மில்லிமீட்டர். 900 நாள். கிட்டத்தட்ட இரண்டரை வருஷம்! அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். சில நரம்புகள் பாதியிலேயே நின்றுவிடும்.

நாம் கொடுக்கிற கிரெடிட் 90 நாள். நரம்பு கேட்பது 900 நாள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எத்தனையோ வீடுகளில் மனஸ்தாபம் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, வலி இருக்கிறது என்று எப்படித் தெரியும்? 'எக்ஸ்ரே எடுத்தாச்சு சார், எல்லாம் பர்ஃபெக்ட். ஒண்ணுமே இல்லை!' இந்த வாக்கியத்தைக் கேட்காத நோயாளியே இருக்க மாட்டார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், உலோகம் தெரியும். நரம்பு தெரியாது. 'ஒன்றுமில்லை' என்பது எலும்புக்கும் மூட்டுக்கும் மட்டும் கொடுத்த சர்டிஃபிகேட். நரம்பில் கரன்ட் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. அதுவும் பெரிய நார்களைத்தான் அளக்கும். எரிச்சலைக் கொண்டுபோகிற நுண்ணிய நார்கள் அதில் சிக்குவதில்லை. பூட்டிய அறைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று சொன்னால் எப்படி?

அடுத்த சிக்கல் மாத்திரை. நரம்பு வலிக்கு நாம் வழக்கமாகப் போடுகிற வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற ப்ரீகாபலின், மன அழுத்தத்துக்காக வந்த அமிட்ரிப்டிலின் போன்றவற்றைத்தான் டாக்டர்கள் எழுதுவார்கள். கொதித்துக் கிடக்கிற நரம்பை அவை சற்று அடக்கிவைக்கும். நல்ல காரணத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அதை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லத்தான் நேரமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர். கணக்கு வாத்தியார் என்பதால் எதையும் மிகைப்படுத்திச் சொல்லத் தெரியாதவர். ஆபரேஷன் முடிந்து ஆறாவது மாதம். ஒரு நாள் மருமகள் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, கெட்ட எண்ணமே இல்லாமல், 'அத்தை, இது டிப்ரஷன் மாத்திரையாமே... அப்ப காலில் ஒண்ணுமில்லையா?' என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர் என்னிடம் சொன்னது இது: 'அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் தம்பி. இனிமே வலின்னு வாயைத் திறக்கிறதில்லைன்னு.'

திறக்கவும் இல்லை. சில மாதம் கழித்துத் தொடை இடுக்கில் புதுசாக ஒரு வலி, கூடவே லேசான ஜுரம். பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. 'சொன்னா மட்டும் நம்பவா போறாங்க?' ஜுரம் ஏறி, மகன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, புது மூட்டைச் சுற்றிக் கிருமி. மறுபடி ஆபரேஷன் தியேட்டர். 'நாலு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?' என்று டாக்டர் கேட்டாராம்.

வலியை நம்பாததால் வலி குறைவதில்லை. வலியைப் பற்றிய தகவல்தான் நின்றுபோகிறது. எது பழைய வலி, எது புது ஆபத்து என்று பிரித்துச் சொல்ல அந்த ஒருவரால்தான் முடியும். அவர் வாயை நாமே அடைத்துவிட்டால், நெருப்புப் பிடித்த வீட்டில் அலாரத்தைப் பிடுங்கிப் போட்டமாதிரிதான்.

ஏன் நமக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது? காயமும் வலியும் சரக்கும் பில்லும் மாதிரி என்று நினைக்கிறோம். இவ்வளவு காயம், இவ்வளவு வலி. ஆனால் உடம்பு அந்த ரேட்டில் பில் போடுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க டாக்டர், படுகாயம் பட்ட சிப்பாய்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டார். கால்வாசிப் பேர்தான் கேட்டார்கள். 1946-ல் இதை எழுதினார். அவர் யூகித்த காரணம் எளிமையானது: போர்முனையில் காயம் என்றால் ஊருக்குப் போக டிக்கெட்.

அந்தச் சிப்பாய்கள் நடிக்கிறார்கள் என்று யாராவது சொன்னார்களா? காயம் பெரிசு, வலி சின்னது என்றால் வீரன் என்கிறோம். காயம் தெரியவில்லை, வலி பெரிசு என்றால் மட்டும் நாடகம் என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

வலியை ஆராய்கிற சர்வதேசச் சங்கம் 2020-ல் தன் வரையறையைத் திருத்தி எழுதியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகவே சேர்த்தது. விஞ்ஞானிகள் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது என்றால், நம் பழக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மருமகளுக்கும் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். 'நீங்க ஈஸியா எழுதிடறீங்க. வேலைக்கும் போய்ட்டு, நடுராத்திரி மூணு தடவை எழுந்து தைலம் தேய்ச்சுப் பாருங்க, தெரியும்!' நியாயமான கோபம். நம் சந்தேகத்தில் பாதி, களைப்பின் மறுபெயர். 'நிஜம்' என்று ஒப்புக்கொண்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற பயம். 'சும்மா சொல்றாங்க' என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இரண்டு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வலி உண்மையா என்பது ஒன்று. அந்த வலிக்காக நான் என்னென்ன செய்ய வேண்டும் என்பது வேறொன்று. முதலாவதில் பேரம் கிடையாது. அது அனுபவிக்கிறவர் சாட்சி. இரண்டாவதில் தாராளமாகப் பேரம் பேசலாம். 'வலிக்குதுன்னு தெரியுது அத்தை. இன்னிக்கு என்னால முடியலை. பத்து மணிக்கு ஒரு தடவை தேய்ச்சு விடறேன், அப்புறம் காலையிலதான்' என்று சொல்வதில் எந்தப் பாவமும் இல்லை. முடியாது என்று சொல்வதற்காக, வலியே இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு பேங்க் ரீகன்சிலியேஷன் ஞாபகம் இருக்கும். நம் கேஷ் புக்கில் ஒரு பாக்கி, பேங்க் பாஸ் புக்கில் வேறு பாக்கி. உடனே பேங்க் திருடன் என்றோ, கணக்குப்பிள்ளை பொய்யன் என்றோ சொல்ல மாட்டோம். வித்தியாசம் எங்கே வந்தது என்று ஒரு ஸ்டேட்மென்ட் போடுவோம். டாக்டர் புக்கில் 'ஆபரேஷன் சக்சஸ்'. நோயாளி புக்கில் 'ராத்திரி தூக்கமில்லை'. இரண்டுமே சரியாக இருக்கலாம். உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். சிலர் அந்தச் சிரமமே இல்லாமல், 'போன ஜென்மத்துப் பாவம்' என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுவார்கள். வவுச்சர் இல்லாத செலவு அது. எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வலியோடு இருக்கிறவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். 'வலிக்குது' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். நம் தமிழைப் போல வலிக்கு வார்த்தை வைத்திருக்கிற பாஷை கம்மி. குத்தல், குடைச்சல், எரிச்சல், காந்தல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, விண்விண்ணென்று தெறிக்கிறது, சுரீரென்று இழுக்கிறது... ரொனால்ட் மெல்சாக் என்ற கனடாக்காரர் நோயாளிகள் சொல்கிற இந்த மாதிரி வார்த்தைகளையே வகைபிரித்து, 1975-ல் வலியை அளக்க ஒரு கேள்வித்தாள் போட்டார். குடைச்சல் வேறு, காந்தல் வேறு என்பது டாக்டருக்குத் துப்பு. எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது, எப்போது கூடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எல்லா வலியையும் 'நரம்புதான்' என்று நீங்களாகவே தள்ளிவிடாதீர்கள். புது வலி, ஜுரம், காயத்தில் சிவப்பு, திடீரென்று பாதம் தூக்க வராமல் இழுபடுவது, இதெல்லாம் வந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நம்புகிறார்களா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நரம்பு வலி முழுக்கப் போகும் என்று யாரும் பாண்டு பேப்பரில் எழுதித் தர முடியாது. மெல்ல மெல்லக் குறையலாம். ஒரு மூலையில் தங்கிவிடவும் செய்யலாம். மாத்திரை, பிசியோதெரபி, நல்ல தூக்கம் எல்லாம் சேர்ந்து அதன் சத்தத்தைக் குறைக்கும். அப்புறமும் மிச்சம் இருக்கிற வலியோடுதான் வாழவேண்டியிருக்கும். வலியோடு வாழ்வதுகூட முடிகிற காரியம்தான். தன் வலிக்குத் தினமும் சாட்சி சொல்லிக்கொண்டே வாழ்வதுதான் முடியாதது.

அடுத்த தடவை உங்கள் வீட்டு விசேஷத்தில் ஹாலில் ஜமுக்காளம் விரிக்கும்போது கொஞ்சம் கவனியுங்கள். மூட்டு மாற்றியவர்கள் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்புவார்கள். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவது என்று கேட்கக் கூச்சப்பட்டு நின்றுகொண்டிருப்பார். எத்தனை மாதம் ஆச்சு, இன்னுமா என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம். கொஞ்சம் உயரமான நாற்காலியாகப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்து போடுங்கள்.