உலாவும் உரிமையும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. பிள்ளைகளை ஒரு நாள் பட்டணத்துக்கு அழைத்துச் சென்று காட்டி வரவேண்டும் என்பதே அது. மாமாவோ சாச்சாவோ பொறுப்பேற்றுக் கொள்வார். பையன்கள் புத்தாடை உடுத்திப் புறப்பட்டு விடுவார்கள். அந்த வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருப்பாளாயின், அவளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு சொற்களில் முடிந்துவிடும்: “அவளுக்கு எதற்கு?”

அந்த இரண்டு சொற்களையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம். மகிழ்ச்சி ஒன்றைத் தவிர வேறு பயன் கருதாத ஒரு நாள், இளையோருக்கு உரிமையா? அல்லது பெரியவர்கள் மனமிரங்கி வழங்கும் சலுகையா? உரிமை என்றால், அதனை வழங்கும் முறை யாது?

உலாப் போவதை அரபியில் ‘நுஸ்ஹா’ என்பர். மாசிலிருந்து விலகி நிற்றல், தொலைவாதல் என்பன அச்சொல்லின் வேர்ப்பொருள். இறைவனைக் குறைகளினின்றும் தூயவனாகக் கொள்வதைக் குறிக்கும் ‘தன்ஸீஹ்’ என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். தோட்டங்களுக்குப் போவதைப் பொதுமக்கள் இச்சொல்லால் வழங்குவது பொருந்தாது என்று மொழியறிஞர் இப்னுஸ் ஸிக்கீத் கருதினார். ஆயினும் மக்கள் வழக்கே நிலைத்துவிட்டது. அன்றாட வாழ்வின் தூசியிலிருந்து சிறிது நேரம் விலகி நிற்பதும் ஒருவகைத் தூய்மையே என்று மக்கள் உள்ளம் உணர்ந்தது போலும்.

தமிழிலோ உலா என்பது ஒரு சிற்றிலக்கிய வகை. ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவை அறியாத தமிழ் மாணவர் இலர். தலைவன் நகர வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவ மகளிரும் நின்று காண்பர். அவர்களுள் பதினான்கு முதல் பத்தொன்பது வயது வரையிலான பருவத்தை மடந்தை என்று பொதுவாக வகுப்பர். ஆக, இலக்கியத்திலும் உலாப் போகிறவன் ஆண். நின்று பார்ப்பவள் மடந்தை. நூற்றாண்டுகள் பல கடந்தும் நம் வீட்டு மடந்தை பவனிக்குப் புறப்படும் தம்பிமாரை வாசற்படியில் நின்று வழியனுப்பிக் கொண்டிருக்கிறாள் என்றால், அது சிந்திக்கத்தக்கதன்றோ?

விளையாட்டும் உல்லாசமும் வீண்பொழுது என்பார்க்கு விடையளிக்க இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே போதும். ஹிஜ்ரி 505இல், அதாவது 1111இல், மறைந்த அப்பேரறிஞர், ஓதிவிட்டுத் திரும்பும் சிறுவனுக்குக் களைப்பு நீங்க நல்ல விளையாட்டு வேண்டும் என்று தம் இஹ்யாவில் வற்புறுத்துகிறார். அதனைத் தடுத்து இடையறாது கல்வியிலேயே வாட்டினால் உள்ளம் மரித்து, அறிவு மழுங்கி, வாழ்வே கசந்து, படிப்பிலிருந்து தப்பும் சூழ்ச்சியைத் தேடுவான் என்றும் எச்சரிக்கிறார்.

உண்மை, ஆயினும் இந்த வாதத்தில் மட்டும் நின்றுவிட்டால் ஓர் ஆபத்து உண்டு. களைப்பு நீங்கினால் நன்கு படிப்பான் என்பதற்காகவே மகிழ்ச்சியை அனுமதிப்போமானால், அது மறுநாள் உழவுக்காக மாட்டுக்கு இளைப்பாறுதல் அளிப்பதைப் போன்றதாகிவிடும். அப்பால், படிப்பை நிறுத்தி வீட்டில் இருத்தப்பட்ட பெண்ணுக்கு இளைப்பாறுதலும் தேவையில்லை என்று வாதம் திரும்பிவிடும். “அவளுக்கு எதற்கு?” என்னும் கேள்வியின் நச்சுவேர் இதுவே. எந்த மகிழ்ச்சியும் ஒரு பயனைக் காட்டித்தான் அனுமதி பெறவேண்டும் என்று அது கருதுகிறது.

இதற்கு மாறான ஒரு காட்சியைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடினர். இளம் வயதினரான ஆயிஷா நாயகியாரிடம், அதனைப் பார்க்க விருப்பமா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். விருப்பம் என்றதும் அவரைத் தம் பின்னே நிறுத்தி, தாமும் நின்றார்கள். அவருக்குச் சலிப்புத் தட்டிய பின்னரே, போதுமா என்று வினவினார்கள். விளையாட்டில் ஆசை கொண்ட இளம்பெண்ணின் வயதைக் கருதிப் பாருங்கள் என்று நாயகியார் பிற்காலத்தில் மக்களுக்கு உரைத்ததும் அந்த நினைவில்தான்.

இந்நிகழ்ச்சியில் மூன்று செயல்கள் உள்ளன. முதலாவது, கேட்டது. இரண்டாவது, உடன் நின்றது. மூன்றாவது, போதும் என்னும் சொல்லைக் காண்பவரிடமே விட்டது. இதனால் விளையும் பயன் என்னவென்று அங்கே எவரும் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு பட்டண உலாவைத் திட்டமிடுவோர்க்கு இம்மூன்றுமே போதிய இலக்கணம் என்பேன்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து காலை ரயிலில் எழும்பூரில் இறங்குகிற குடும்பத்துக்குப் பெரியவர் போடும் திட்டம் எப்படியிருக்கும்? 1851இல் தோன்றிய அருங்காட்சியகம், அதே வளாகத்தில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகம், 1768இல் எழுந்த சேப்பாக்கம் மாளிகை, 1795இல் கட்டிய திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல், பிறகு கடற்கரையில் கால்மணி நேரம். இவற்றில் எதுவும் தள்ளத்தக்கதன்று. ஆனால் இத்திட்டம் யாருடைய ஆசை? பெரியவருடையது. அதில் பிள்ளை ஒரு பயணியாகவும் இல்லை. கையில் எடுத்துச் செல்லும் பையாகவே இருக்கிறாள்.

என் தங்கையின் மகளுக்கு வயது பதினைந்து. சென்னைக்குப் போனால் எதைப் பார்க்க ஆசை என்று அவளிடம் கேட்டேன். “உங்க இஷ்டம் மாமா” என்றாள். இரண்டாம் முறை கேட்டபோதும் அதே விடை. இதனை அடக்கம் என்று போற்றுவோர் உண்டு. எனக்கோ அது கேட்கப்படாமலே வளர்ந்ததன் அடையாளமாகத் தோன்றிற்று. மூன்றாம் முறைக்குத்தான் வாய் திறந்தாள்: “பூமிக்கடியில ஓடுற ரயில்ல போகணும். கடற்கரையில நேரம் பாக்காம உக்காந்திருக்கணும்.” அவ்வளவுதான். ஆகவே ஆலோசனை என்பது ஒருமுறை கேட்டு ஒதுங்கிவிடும் சடங்கன்று. மகனைப் பலியிடுமாறு கனவு கண்ட இப்ராஹீம் நபி (அலை) அவர்களே, உன் கருத்து யாது என்று அம்மகனிடம் கேட்டதாகத் திருமறை கூறுகிறது. இறைக்கட்டளையிலும் பிள்ளையின் கருத்துக்கு இடமிருந்தது என்றால், ஒரு நாள் உலாவில் இல்லாமற் போகுமா?

கேட்டபின் பெரியவருக்கு வேலை இல்லையா என்றால், உண்டு. வேலியிடுவது அவர் கடமை. புறப்படும் நேரம், திரும்பும் ரயில், செலவின் அளவு, தொழுகையின் வேளை, வயிற்றுக்கு ஒவ்வும் உணவு ஆகிய ஐந்தும் வேலி. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை முன்பே அறிந்து நாளைக் குறிப்பதும், மெரினாவில் கடலில் இறங்கிக் குளிப்பது தடைசெய்யப்பட்டது என்பதைப் பக்குவமாய்ச் சொல்லிவைப்பதும் அவர் பொறுப்பே. வேலிக்குள்ளே உள்ள நிலமோ பிள்ளையுடையது. எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், வாலாஜா சாலை வழியே கடலை அடையலாம். அந்த வழியைப் பலகைகளைப் பார்த்து அவளே கண்டுபிடிக்கட்டும். அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் கடந்து, திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் முன் அவள் அரைமணி நேரம் நின்றால், நாமும் நிற்போம். திட்டத்தில் இரண்டு மணி நேரத்தையாவது எதுவும் எழுதாமல் விட்டுவைப்பது நலம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு அலைகளைப் பார்த்திருக்கும் நேரம் அந்த வெற்றிடத்திலேதான் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். உலாவைப் பாடமாக்கி, மாலையில் “இன்று என்ன கற்றாய்?” என்று கேட்பதுதான் அது. கணக்குக் கேட்கப்படும் கொடை, கொடையன்று, கடன். கன்னிமராவில் புத்தகத்தைத் தொடாமல் அதன் கூரை வேலைப்பாட்டையே அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த நாள் வீணாகிவிடவில்லை.

காலம் கெட்டுக் கிடக்கிறதே, பெண்பிள்ளையை எப்படி அழைத்துச் செல்வது என்று கேட்கும் தாய்மார்களின் அச்சத்தை நான் இகழவில்லை. ஆயினும் அதனை நிறுத்துப் பார்த்தால், பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்பதற்கு அது காரணமாகுமேயன்றி, பெண் போகக்கூடாது என்பதற்குக் காரணமாகாது. உடன் வரும் மாமா எதற்காக இருக்கிறார்? பையன்களுக்குப் பலூன் வாங்கித் தருவதற்கு மட்டுமா?

இறுதியாக ஒன்று. தம் மகன் நுஃமானுக்கு ஒரு கொடையளித்து, அதற்குப் பெருமானார் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார் பஷீர். உம் பிள்ளைகள் எல்லோருக்கும் இவ்வாறே அளித்தீரா என்று பெருமானார் வினவ, இல்லை என்றார். பிள்ளைகளிடையே நீதியுடன் நடக்குமாறு அறிவுறுத்தி அனுப்பினார்கள். கொடை என்றால் தோப்பும் துரவும் மட்டுமா? நம் பொழுதும் ஒரு கொடையே. உயிருள்ளோரிடம் இருப்பவற்றுள் திரும்பக் கிடைக்காததும் அதுவே. ஒரு பிள்ளைக்கு ஒரு முழு நாளை அளித்து, மற்றொரு பிள்ளைக்கு வாசற்படியை அளிப்போமானால், அந்த வினா நம்மை நோக்கியும் எழுகிறது.

ஆதலால் அடுத்த விடுமுறைக்குத் திட்டம் தீட்டும் பெரியவர்கள், ரயில் அட்டவணையைப் பார்க்குமுன் வீட்டுப் பெண்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்களாக. ஒருமுறை கேட்டு விடை வராவிட்டால் மறுமுறையும் கேட்பார்களாக. அவள் போதும் என்னும் வரை உடன் நிற்கக் கால்களுக்கு வலிமையையும், நிற்பதற்குப் பொறுமையையும் வல்ல நாயன் நமக்கு அருள்வானாக!