கற்பூரம் எங்கே போனது?



கோலா தெர்லா விடியற்காலைப் பனி உங்களுக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் குளிர்ந்த காற்று கனமாகப் பள்ளத்தில் கிடக்கும். யாராவது குப்பையைக் கொளுத்தினால் புகை மேலே போகாது. லயத்து வீடுகளுக்குள்தான் நுழையும். திருவிழா முடிந்த மறுநாள் நாமும் இதைச் செய்திருக்கிறோம். அன்னதானத் தட்டு, பிளாஸ்டிக் பை, வாடிய மாலை எல்லாம் ஒரே குவியல், ஒரு தீக்குச்சி. "எரிச்சாச்சு, இனி ஒண்ணும் இல்ல" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

உண்மையிலேயே ஒன்றும் இல்லையா?

ஆரத்தித் தட்டைப் பாருங்க. கற்பூரம் எரிந்தால் சாம்பல் மிஞ்சாது. 'நான்' என்பதும் அப்படிக் கரைய வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். ஆனால் கற்பூரம் இல்லாமல் போகவில்லை, உருமாறியது. 10 கிராம் கற்பூரம் முழுதாக எரிந்தால், காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து ஏறக்குறைய 29 கிராம் கரியமிலவாயுவும் 9 கிராமுக்கு மேல் நீராவியும் ஆகிறது. காற்று போதாதபோது கரி பிறக்கும். கருவறைச் சுவரில் படிந்திருப்பது அதுதான்.

காகிதமும் விறகும் அப்படித்தான். நன்றாக எரிந்தால் பெரும்பகுதி கரியமிலவாயு, நீராவி. மிஞ்சுவது சுண்ணாம்புச் சத்தும் மற்ற தாதுக்களும் உள்ள சாம்பல். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டாதீர்கள். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பிவிசி குழாய், வயர் போன்றவை எரிந்தால் நெஞ்சை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடும், டையாக்சின் என்ற நஞ்சும் வரும். டையாக்சின் மண்ணிலும் புல்லிலும் படிந்து, மாட்டுப் பால் வழியாக நம் வயிற்றுக்கே திரும்பும்.

அக்கினி பகவான் நாம் கொடுப்பதைச் சுமந்து செல்பவர். அதனால்தான் ஓம குண்டத்தில் சமித்தையும் நெய்யையும் பார்த்துப் பார்த்து இடுகிறோம். அவரிடம் பிளாஸ்டிக்கைக் கொடுத்தால் அதையும் சுமந்துதான் போவார். யாரிடம்? பக்கத்து லயத்தில் மூச்சிரைக்கும் பாட்டியிடம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம்.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், புகை நெருப்பை மூடுவதுபோல் ஆசை அறிவை மூடுகிறது என்கிறார் கண்ணன். புகை என்பது என்ன? பாதி எரிந்து நின்றுபோனது. மனசும் அப்படித்தான். உள்ளே அடைத்து வைத்த கோபம் புகையும். வீட்டில் எல்லாரையும் இரும வைக்கும். நல்லவரிடம் மனம் திறந்து பேசுங்க, காற்று பட்டுத் தெளியும்.

திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நிறுத்தினால் போதாது, தம்பி. வருகிற திருவிழாவில் வாழை இலையில் பரிமாறுவோம். இலையையும் பூவையும் குழி தோண்டி உரமாக்குவோம். பிளாஸ்டிக்கைத் தனியே மூட்டை கட்டிக் குப்பை லாரிக்குக் கொடுப்போம். நெருப்பு சாமிக்கு முன்னால் மட்டும் எரியட்டும்.

அன்பே சிவம்.