முதுமையும் மகனின் தர்மமும்

மனித வாழ்வை நான்கு ஆசிரமங்களாகப் பகுத்த முன்னோர், மூன்றாவதான வானப்பிரஸ்தத்தை முதியவர் தாமே விரும்பி ஏற்கும் நிலையாக வகுத்தனர். தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரக்குழந்தையின் முகத்தையும் கண்டபின் இல்லறத்தான் வனம் புகலாம் என்பது மனுதர்ம சாஸ்திரத்தின் கருத்து. மனைவி உடன் செல்லலாம். அல்லது மக்களின் பாதுகாப்பில் தங்கலாம். இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. முதியவர் வனத்திற்குச் சென்றார். யாரும் அவரை அனுப்பவில்லை. சென்றாரா, அனுப்பப்பட்டாரா என்ற இந்தக் கேள்விதான் இன்று பல இல்லங்களில் மகனின் உறக்கத்தையும் மருமகளின் நிம்மதியையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு வாக்குறுதி

ஹைதராபாத்தின் இரட்டை நகரமான செகந்திராபாத்தில், ஸ்கந்தகிரி சுப்பிரமணிய சுவாமி ஆலயம் விளங்கும் பத்மாராவ் நகர் தமிழன்பர்களுக்கு நன்கு அறிமுகமான பகுதி. ரயில்வேயிலும் வங்கிகளிலும் பணிபுரிய வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கு தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய குடும்பம் ஒன்றில் தந்தை மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இறுதிப் படுக்கையில் அவர் மகனின் கையைப் பற்றி, "அம்மாவை எந்த விடுதியிலும் கொண்டுபோய் விட்டுவிடாதே" என்று கேட்டுக்கொண்டார். மகனும் வாக்களித்தார்.

தாயாருக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. மகனும் மருமகளும் மாதாப்பூரில் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றுபவர்கள். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் இரவுதான் வீடு திரும்புவார்கள். ஒருநாள் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மாலையில் வேலைக்காரப் பெண் வந்து கதவைத் தட்டும்வரை நான்கு மணி நேரம் தரையிலேயே கிடந்தார். இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. வாக்கரைப் பிடித்து நடக்கும் நிலைக்கு மெல்ல மீண்டார். பகலில் உடனிருக்க அமர்த்திய பணிப்பெண்கள் ஆறு மாதத்தில் நான்கு பேர் மாறிவிட்டார்கள்.

ஒரு ஞாயிறன்று தாயாரே பேச்சைத் தொடங்கினார்.

"ஷாமீர்பேட்டைப் பக்கம் பெரியவர்களுக்கென்று குடியிருப்புகள் இருக்கின்றனவாமே. என் பழைய தோழி ஒருத்தி அங்கேதான் இருக்கிறாள். நானும் போய்ப் பார்க்கட்டுமா, கண்ணா?"

மகன் திடுக்கிட்டார். "அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கு என்னம்மா ஆவது?"

மருமகளின் கண்கள் கலங்கின. "அம்மா, ஊரார் என்னைத்தான் சொல்வார்கள். மருமகள் துரத்திவிட்டாள் என்பார்கள்."

அன்று அந்தப் பேச்சு அதோடு நின்றது. மகனின் மனம் மட்டும் அமைதியடையவில்லை. வாரந்தோறும் தாம் செல்லும் கீதை வகுப்பின் முடிவில், வகுப்பை நடத்தும் சுவாமிஜியிடம் அவர் அனைத்தையும் கூறினார்.

ஒரே கூரையின் கீழ்

சுவாமிஜி உடனே பதில் கூறவில்லை. மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பர்வத்தை நினைவுபடுத்தினார்.

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் திருதராஷ்டிரர் ஹஸ்தினாபுர அரண்மனையில் தங்கினார். தருமபுத்திரர் அவரைத் தந்தையைப் போலப் போற்றினார். ஆனால் அதே கூரையின் கீழ் பீமன் அவர் செவியில் விழும்படி தோளைத் தட்டி, அவருடைய மைந்தர்களைத் தான் கொன்ற வீரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். தருமபுத்திரர் அதை அறியவில்லை. முதியவர் உணவைக் குறைத்தார்; தரையில் படுத்தார். காந்தாரிக்கு மட்டுமே அது தெரியும். ஒருநாள் அவர் வனம் செல்ல விடை கேட்டபோதுதான், தம் வீட்டிலேயே பெரியப்பா பட்டினி கிடந்த செய்தி தருமபுத்திரருக்குத் தெரிந்தது. அவர் கலங்கினார்; அரசையே தர முன்வந்தார்; விடை கொடுக்க மறுத்தார். வியாசர் வந்து, அவர் விருப்பப்படியே செல்ல அனுமதி என்று அறிவுறுத்திய பின்னரே இசைந்தார்.

கார்த்திகைப் பௌர்ணமியன்று அவர்கள் புறப்பட்டார்கள். முன்னே குந்தி நடந்தாள். அவள் தோளில் காந்தாரி கைவைத்தாள். காந்தாரியின் தோளில் திருதராஷ்டிரர் கைவைத்தார். விதுரரும் சஞ்சயனும் உடன் சென்றார்கள். குந்தியைத் தடுக்கப் புதல்வர்கள் மன்றாடினார்கள். அவளோ முதியோருக்குப் பணிவிடை செய்வதே தன் விருப்பம் என்று உறுதியாக நின்றாள்.

"இக்கதையில் கைவிடப்பட்டவர் யார்?" என்று சுவாமிஜி கேட்டார். "குந்தியை யாரும் கைவிடவில்லை. அவள் தானே தேர்ந்து சென்றாள். திருதராஷ்டிரரோ வனத்திற்குப் போகுமுன்பே, அரண்மனைக்குள்ளேயே தனித்து விடப்பட்டிருந்தார். தருமபுத்திரரைப் போன்ற உத்தமரும் அதை அறியாமல் இருந்தார். உங்கள் தந்தை கேட்டது எதை? உங்கள் தாயார் கைவிடப்படக் கூடாது என்பதை. அந்த நான்கு மணி நேரம் அவர் தரையில் கிடந்தது எந்த விடுதியில்?"

மகன் தலைகுனிந்தார்.

"உங்களைக் குற்றம் சொல்ல இதைக் கேட்கவில்லை" என்று சுவாமிஜி தொடர்ந்தார். "இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உங்கள் வசதிக்காக அவரை அனுப்பினால், அந்த இடம் அரண்மனையாக இருந்தாலும் அது அதர்மம்தான். உங்களுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற வருத்தத்தில் அவர் போக நினைத்தால், அந்தச் சம்மதம் சம்மதமாகாது. முதலில் அதைக் கேட்டு அறியுங்கள்."

அன்றிரவு மகன் தாயாரின் அருகில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். "எங்களுக்குச் சிரமம் என்று நினைத்துத்தான் கேட்டாயா, அம்மா?"

தாயார் சற்று யோசித்தார். "அந்த எண்ணமும் கொஞ்சம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணா. சகஸ்ரநாமம் சொன்னால் கூடச் சொல்ல ஒரு குரல் இல்லை. விழுந்த அன்றிலிருந்து குளியலறைக்குப் போகவே பயமாக இருக்கிறது. அந்தப் பயம் இல்லாமல் மீதி நாட்களைக் கழிக்க வேண்டும் என்று ஆசை."

மகன் அதுவரை அந்தப் பயத்தை அறிந்திருக்கவில்லை.

தூரமும் பொறுப்பும்

பெற்றோரை விட்டு விலகி வாழ்வோர் சிந்திக்கத்தக்க மற்றோர் உதாரணமும் உண்டு. 1893 பிப்ரவரி 13 அன்று செகந்திராபாத் மஹபூப் கல்லூரியில் மேலைநாடு செல்லும் தம் நோக்கத்தைப் பற்றி சுவாமி விவேகானந்தர் உரையாற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் சிகாகோவில் உலகம் அவரை அறிந்தது. அனைத்தையும் துறந்த அவர் தம் அன்னை புவனேசுவரி தேவியின் நலனை மட்டும் ஒருபோதும் மறக்கவில்லை. கேத்ரி மன்னர் அஜித் சிங் அன்னையின் குடும்பத்திற்கு மாதம் 100 ரூபாய் அனுப்பி வந்தார். தம் காலத்திற்குப் பின்னும் அன்னைக்கு அவ்வுதவி நிற்கக் கூடாது என்று 1898இல் சுவாமிஜி மன்னருக்கு எழுதினார். உடல் நலிந்திருந்த 1901இல் அன்னையைக் கிழக்கு வங்காளத்துத் தலங்களுக்கு யாத்திரை அழைத்துச் சென்றார். அன்னையின் வீட்டில் தங்கிப் பணிவிடை செய்யும் நிலையில் அவர் இல்லை. ஆயினும் யார் கவனிப்பார், எவ்வளவு தேவை, எதுவரை என்பவற்றையெல்லாம் தாமே முன்னின்று ஏற்பாடு செய்தார். வெளிநாட்டிலிருந்து பணம் மட்டும் அனுப்பிவிட்டு நிறைவடையும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

தேடும் முறை

தாயாரின் விருப்பம் தெளிவான பின் குடும்பத்தினர் மூன்று இடங்களைப் பார்த்தனர். மூன்றுக்கும் தாயாரையே அழைத்துச் சென்றனர். முதல் இடத்தின் முகப்பு மண்டபம் பளிங்கில் மின்னியது. "அம்மா படுக்கையில் விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று மருமகள் கேட்டார். அதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. இரண்டாவது இடம் எளிமையானது. முன்னறிவிப்பின்றி ஓர் இரவு ஒன்பது மணிக்கு அங்கு சென்றபோது, ஒரு முதியவர் அழைப்பு மணியை அழுத்தினார். சிறிது நேரத்திலேயே பணிப்பெண் ஒருத்தி வந்து, அவரைப் பெயர் சொல்லி விசாரித்தாள். மூன்றாவது இடத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் மருத்துவமனை வெகுதூரம்.

இத்தகைய தேடலில் பக்தியோடு விவேகமும் வேண்டும். கதவுகள் சக்கர நாற்காலி நுழையும் அகலம் உடையவையா? குளியலறையில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் உள்ளனவா? இரவில் விழித்திருப்பவர் யார்? அவசர நேரத்தில் எந்த மருத்துவமனைக்கு, எவ்வளவு நேரத்தில் கொண்டு செல்வார்கள்? நினைவு தடுமாறினால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறிடம் தேடச் சொல்வார்களா? முன்பணம் எவ்வளவு, விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மாதக் கட்டணம் எப்படி உயரும் என்பன எழுத்தில் உள்ளனவா? முதியோர் குடியிருப்புகளுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019இல் வெளியிட்டுள்ளது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதில் தவறில்லை.

இவற்றுக்கு மேல், அங்கு ஒருவேளை உணவு உண்டு பார்க்க வேண்டும். நிர்வாகி உடனில்லாத நேரத்தில் அங்கு வசிப்பவர்களோடு பேச வேண்டும். பூஜை செய்யவும் சத்சங்கம் கூடவும் இடமுண்டா, தம் மொழியில் பேச ஒருவரேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். வயோதிகத்தில் தாய்மொழியும் ஒரு மருந்து. இயன்றால் ஒரு மாதம் தங்கிப் பார்த்து, பிறகே முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டு வீட்டை விற்றுவிடுவதோ, சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவதோ கூடாது.

சட்டமும் இக்கடமையை வலியுறுத்துகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் சட்டக் கடமையாக்கியது. முதியோரைக் கைவிடுவது அச்சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். பேணுவார் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பேணாவிட்டால் திரும்பப் பெறவும் அதில் வழியுண்டு. 2017இல் ஹைதராபாத்தில் தொடங்கிய முதியோர் உதவித் தொலைபேசிச் சேவை, பின்னர் 14567 என்ற எண்ணில் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆனால் சட்டத்தால் உணவும் உறைவிடமும் பெற்றுத் தர முடியும். மகனை அருகில் உட்கார்ந்து பேச வைக்க முடியாது. அதற்கு அன்பு ஒன்றே வழி.

சென்ற பின்னும்

தாயார் இரண்டாவது இடத்தைத் தேர்ந்தார். ஒரு மாதம் தங்கிப் பார்த்தபின், "இருக்கிறேன்" என்றார். புறப்படும் நாளில் மகன் அவர் கையில் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்தார்.

"இது எதற்கு, கண்ணா?"

"உன் வீடு அம்மா. எப்போது வேண்டுமானாலும் வரலாம். அங்கே பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றே அழைத்து வந்துவிடுவேன்."

மகாபாரதக் கதையும் புறப்பாட்டோடு முடியவில்லை. பாண்டவர்கள் தாயைப் பிரிந்திருக்க மாட்டாமல் வனத்திற்குச் சென்றனர். அங்கு ஒரு மாதத்திற்கும் மேல் தங்கினர். பிரியும் வேளையில் இளையவனான சகாதேவன் குந்தியை விட்டு வர மனமின்றித் தவித்தான். அதன்பின் ஈராண்டுகள் கழித்து, காட்டுத்தீயில் திருதராஷ்டிரரும் காந்தாரியும் குந்தியும் மறைந்த செய்தியை நாரதர் கொண்டுவந்தார். தருமபுத்திரர் தாயை நினைந்து கதறினார். தாமே விரும்பிச் சென்ற முதியோரைக் குறித்தும் மகனின் கவலையும் கடமையும் தீர்வதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பத்மாராவ் நகர் மகன் இப்போது வாரம் இருமுறை ஷாமீர்பேட்டைக்குச் செல்கிறார். அவற்றில் ஒரு முறை, என்று என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் செல்கிறார். அங்குள்ள பணியாளர்களின் பெயர்களை மருமகள் அறிவார். கிருத்திகை தோறும் தாயார் வீட்டிற்கு வந்து ஸ்கந்தகிரியில் முருகனைத் தரிசிக்கிறார். மாலையில் அங்குள்ள பத்துப் பேரோடு சகஸ்ரநாமம் சொல்கிறார். ஒருநாள் மகன் கேட்டார்: "அப்பா இருந்திருந்தால் என்னை மன்னிப்பாரா, அம்மா?"

"நீ வராத வாரம் வந்தால் மன்னிக்க மாட்டார்" என்றார் தாயார்.

தாயையும் தந்தையையும் தெய்வமாகப் போற்று என்பது உபநிஷதம் காட்டும் வழி. தெய்வம் குடியிருக்கும் கோயில் வீட்டிற்குள் இருக்கலாம்; தூரத்து மலையிலும் இருக்கலாம். பக்தன் நாள் தவறாமல் அங்கே செல்கிறானா என்பதே கேள்வி. மூத்தோரின் விருப்பத்தைக் கேட்கும் செவியையும், அவர்களைத் தாங்கும் தோளையும் இறைவன் எல்லாப் பிள்ளைகளுக்கும் அருள்வானாக!