அம்மாவின் நடைவேகம்

"பத்மநாபபுரம், உதயகிரி, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால். எல்லாம் முடிச்சிட்டு ராத்திரிக்குள்ள வந்திரலாம்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பாடத்தையும் கடனையும் முடிப்பதுபோல ஊர்களையும் முடிக்கிறோம். அந்தச் சொல் எனக்கு அன்றுவரை உறுத்தியதில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தில் குதிரை விளக்குக்குக் கீழேயே நின்றுவிட்டாள். "இருந்து இருந்து போவோம், மக்களே."

உள்ளே போனதும் கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது என்பார்கள். மரச்சன்னலின் அழிகள் அதில் தண்ணீருக்குள் தெரிவதுபோலத் தெரிந்தன. அம்மா குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஆச்சி சாணி மெழுகும்போது சிரட்டைக்கரியைப் பொடித்துக் கலப்பாளாம். காயும்வரை பிள்ளைகள் ஐந்து பேரும் முற்றத்திலேயே நிற்க வேண்டும். ஒருநாள் அம்மா பொறுக்காமல் ஓடி, அவள் பாதம் அப்படியே பதிந்துவிட்டது. ஆச்சி அடிக்கவில்லை, அடுத்த மெழுகல்வரை அந்தத் தடத்தை அழிக்காமல் விட்டிருந்தாளாம்.

நாற்பது வருடம் கூட இருந்தும் நான் கேட்டிராத கதை. அவள் வேகத்துக்கு நான் நடந்திருந்தால் இன்னும் எத்தனை கேட்டிருப்பேனோ! சாப்பாட்டுக் கூடமான ஊட்டுபுரையில் ஊறுகாய்ப் பரணிகளுக்கு முன்னால் மட்டும் அரைமணி நேரம் போனது. நான் அவசரப்படுத்தவில்லை.

உதயகிரிக் கோட்டைக்குப் போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பூங்கா. மரநிழலில் மெல்ல நடந்து, கூரையில்லாத தேவாலயத்துக்கு வந்தோம். டிலனாயின் கல்லறை அங்கேதான். டச்சுப் படையில் இருந்து, 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டவர். பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி தந்து, 1777-இல் இந்த மண்ணிலேயே இறந்தவர். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. பக்கத்தில் மனைவியும் மகனும்.

அம்மா தமிழ் எழுத்துகளை விரலால் தடவிக் கூட்டிப் படிக்கப் பார்த்தாள். விவரத்தை நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இவரு அம்மைக்கு யாராவது தகவல் சொல்லியிருப்பாங்களா?"

மறுநாள் எனக்குச் சென்னைக்கு ரயில். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை இருவரும் எழவில்லை.