குடியிருந்தவரின் பெயரில் ஒரு வீடு

இலண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியிலுள்ள கீட்ஸ் இல்லம், எட்டயபுரத்துப் பாரதி வீட்டைப் போலக் கவிஞர் பிறந்த மனையன்று. அது ஜான் கீட்ஸுக்குச் சொந்தமாக இருந்ததுமில்லை. வெளியே ஒன்றாகத் தோன்றினும் நடுச்சுவரால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்த அவ்வீட்டின் ஒரு பாதியில், நண்பர் சார்லஸ் பிரவுனிடம் வாடகைக்கு 1818 டிசம்பரில் அவர் குடியேறினார்; மறுபாதிக்கு அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்த குடும்பத்தின் மகளே அவர் மணக்க விரும்பிய ஃபேனி பிரான். அவருக்குக் கீட்ஸ் அளித்த, செந்நிறக் கல் பதித்த மோதிரம் இவ்வில்லத்தின் சேகரிப்பில் உள்ளது. நைட்டிங்கேல் என்னும் பாடும் பறவையை விளித்த பாடல் (குயில் என்று பெயர்ப்பது வசதியே தவிர, சரியன்று) இங்குத் தோட்டத்துப் பிளம் மரத்தடியில் பிறந்ததாகப் பிரவுன் எழுதிவைத்தார். 1820 பிப்ரவரியில், இருமித் துப்பிய ஒரு துளி இரத்தத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் உற்றுப் பார்த்து, மருத்துவம் பயின்றவராதலால், தம் முடிவைக் கீட்ஸ் அறிந்துகொண்டதும் இங்கேதான். மறு ஆண்டே, 25 வயதில், ரோமில் காசநோயால் மறைந்தார். நூறாண்டுக்குப் பின் இடிபடவிருந்த இவ்வீட்டை, அமெரிக்க வாசகர்கள் பெரும்பங்கு வழங்கிய நன்கொடை மீட்க, 1925இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.